சான்றிதழுக்குக் கைதட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டுப் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள். வகுப்பில் சொன்ன அதே விதிதான்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சான்றிதழ் வந்தது. என் அக்கா பேரன், சென்னையில் பொறியியல் படிக்கிறவன், கோடை விடுமுறையில் கம்போடியாவுக்குத் தன்னார்வத் தொண்டுக்குப் போய் வந்திருக்கிறான். பன்னிரண்டு நாள். ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தானாம். இரண்டு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு படம், சுவருக்கு வர்ணம் அடிப்பதாக ஒரு படம், பொன்னிற ஓரம் போட்ட சான்றிதழ் ஒன்று. குழுவில் கைதட்டலும் பூங்கொத்துமாகக் கொட்டின. "நம்ம குடும்பத்துக்கு ஒரு அன்னை தெரசா" என்று மதுரைச் சித்தப்பா எழுதினார். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. இரண்டு நாள் கழித்து அக்காவே போன் பண்ணி, "என்னடா தம்பி, எம் பேரன் மேல என்ன கோவம்?" என்று கேட்டுவிட்டாள்.

அதே வாரம், காலை ஏழு மணிக்கு நம் வீட்டுத் திண்ணையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். புதுவயலுக்கும் காரைக்குடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மகள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். பி.எட். முடித்துவிட்டு, அவர்கள் சபை வழியாக ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டுக்கு இரண்டு வருடம் பள்ளிக்கூடத் தொண்டுக்குப் போயிருக்கிறாள். போய் ஒரு வருடம் ஆகிறது. சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் மட்டும். "சார், சொந்தக்காரவுக எல்லாம் காறித் துப்புறாக. இருபத்து நாலு வயசுப் பொம்பளப் பிள்ளைய எங்கேயோ அனுப்பிட்டு உக்காந்திருக்கான்னு பேசுறாக. நீங்க சொன்னா கேப்பா. திரும்பி வரச் சொல்லுங்க சார்" என்றார். காபியைக்கூடத் தொடவில்லை.

பன்னிரண்டு நாள் போனவனுக்குப் பூங்கொத்து. இரண்டு வருடம் போனவளுக்குக் காறித் துப்பல். இந்தப் பதிவு எழுத இதுதான் காரணம்.

முதலில் அக்கா பேரனைப் பற்றி. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனசுக்காரப் பையன். நானே அவனைப் போனில் கூப்பிட்டேன். "அந்தப் படத்துல மடியில ரெண்டு பிள்ளைக இருக்கே, அதுக பேர் என்னப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "தெரியல தாத்தா" என்றான். அந்த ஊர் மொழியில் எத்தனை வார்த்தை தெரியும் என்று கேட்டேன். வணக்கமும் நன்றியும் மட்டும் தெரியுமாம். எவ்வளவு செலவு என்றேன். விமான டிக்கெட், கூட்டிப்போன நிறுவனத்துக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சம். பிறகு அவனே சொன்னான்: "தாத்தா, எங்களுக்கு முந்தி வந்த குழுவும் அதே சுவருக்குத்தான் வர்ணம் அடிச்சாகளாம்." இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க" என்றான். அந்த நேர்மைக்காக அவனுக்கு இப்போது கைதட்டுகிறேன்.

கம்போடியாவில் இப்படிப்பட்ட காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்பது வெளிவந்த செய்தி. வெளிநாட்டார் பார்க்க வருகிறார்கள், பணம் கட்டுகிறார்கள் என்பதாலேயே ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிரப்பும் இடங்களும் அங்கே உண்டு. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2017-ல் நவீன அடிமைமுறை பற்றி நடத்திய விசாரணையில் இந்தக் காப்பகச் சுற்றுலாவும் சேர்ந்தே பேசப்பட்டது. நம் பையன் போன இடம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. எப்படிப்பட்ட இடம் என்று அவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரியாமலேயே கைதட்டினோம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஏனென்றால் நானும் குற்றவாளி.

2011-ஆம் வருடம் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு வெளிநாட்டு இளைஞர்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கூட்டிவந்த அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். அரையாண்டுத் தேர்வுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. "இவுகளுக்கு ஏதாச்சும் வேலை காட்டுங்க சார்" என்றார் அழைத்துவந்தவர். இருந்தது ஒரே சுவர், அதற்கும் ஆண்டுவிழாவை ஒட்டி அப்போதுதான் வெள்ளையடித்திருந்தோம். அதன்மேல் யானையும் சூரியகாந்தியும் வரைந்தார்கள். பிள்ளைகள் மூன்று நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஆளுக்கொரு பென்சில் பெட்டி கொடுத்தார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். நாலாம் வகுப்பில் தாயில்லாப் பிள்ளை ஒன்று, அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணோடு ஒட்டிக்கொண்டே திரிந்தது. அந்தப் பொங்கல் தாண்டியும் என்னிடம் வந்து, "சார், அந்த அக்கா எப்ப வருவாக?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வருவாக, வருவாக என்று நான் பொய் சொன்னேன்.

போகிற அன்றைக்கு அவர்கள் பன்னிரண்டு சான்றிதழ் நீட்டினார்கள். எங்கள் பள்ளியின் கல்வி வளர்ச்சிக்குப் பங்களித்ததாக ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. பன்னிரண்டிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். 1981-ல் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வேலையில் சேர்ந்தவன் நான். இத்தனை வருடத்தில் தெரிந்தே நான் போட்ட பொய்க் கையெழுத்து அது. அந்த ஊரில் ஏதோ ஒரு தாத்தா அதைப் பார்த்து என் அக்கா மாதிரியே பூரித்திருப்பார்.

சரி, அயல்நாட்டில் போய்த் தொண்டு செய்கிற இளவட்டத்தின் அன்றாடம் எப்படி இருக்க வேண்டும்? இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1706-ஆம் வருடம் ஜூலை 9-ந் தேதி தரங்கம்பாடியில் ஒரு டேனிஷ் கப்பல் வந்து நின்றது. அதில் இருந்து இறங்கிய ஜெர்மானிய இளைஞர் சீகன்பால்குக்கு மறுநாள் இருபத்து நாலு வயது நிறைகிறது. கோப்பன்ஹேகனில் இருந்து ஏழு மாதத்துக்கு மேல் கடல் பயணம். டென்மார்க் அரசர் அனுப்பிய ஆள்தான், ஆனால் தரங்கம்பாடிக் கோட்டைத் தளபதிக்கு இவர் வந்தது பிடிக்கவில்லை. ஊர் மொழி ஒரு வார்த்தை தெரியாது.

அவர் என்ன செய்தார்? ஒரு வயசான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்தார். வாத்தியார் தன் பிள்ளைகளோடு இவர் வீட்டுக்கே வந்து பள்ளிக்கூடம் நடத்தினார். இவர் அந்தப் பொடிசுகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். வாத்தியாருக்குப் போர்ச்சுகீசியம் தெரியாததால் எழுத்து வந்ததே தவிரப் பொருள் வரவில்லை. பிறகு பல ஐரோப்பிய மொழி தெரிந்த அழகப்பன் என்றவர் வந்து சேர்ந்தார். நம்ம காரைக்குடிப் பக்கத்துப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். அவர் வழியாகத்தான் சீகன்பால்குக்குத் தமிழ் திறந்தது.

மூன்று வருடத்துக்குள் அவருடைய ஒரு நாள் எப்படி ஆனது என்பதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை ஏழில் இருந்து எட்டு வரை, முன்பு படித்துக் குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்ப்பது. எட்டில் இருந்து பன்னிரண்டு வரை, அதுவரை படிக்காத தமிழ்ப் புத்தகமாக எடுத்துப் படிப்பது. பக்கத்தில் ஒரு முதிய புலவர், ஒரு எழுத்தர். விளங்காததைப் புலவர் விளக்குவார், புதுச்சொல்லை எழுத்தர் குறிப்பார். மதியம் மூன்றில் இருந்து ஐந்து வரை மறுபடி படிப்பு. இரவு ஏழில் இருந்து எட்டு வரை, கண்ணுக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. ஒரே நூலைத் திரும்பத் திரும்பப் படித்து, அதில் தனக்கு வராத சொல்லே இல்லை என்று ஆகும்வரை விடமாட்டாராம். நான் வகுப்பறைச் சுவரில் எத்தனையோ கால அட்டவணை ஒட்டியிருக்கிறேன். இதைவிட நல்ல அட்டவணையைப் பார்த்ததில்லை. இதில் சுவருக்கு வர்ணம் அடிக்க ஒரு மணி நேரமும் இல்லை.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் எழுதுவார்: "சார், அவன் மதம் மாத்த வந்தவன்." ஆமாம். அதற்காகத்தான் வந்தார். நான் குன்றக்குடி முருகனுக்குத் தைப்பூசத்தில் நடந்து போகிறவன். எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. வந்த புதிதில் ஒரு கோயிலில் இருந்த மண் உருவங்களைத் தட்டி உடைத்தார். அதையும் அவரே ஊருக்கு எழுதியிருக்கிறார். அப்போது அங்கே இருந்த ஒரு உள்ளூர் வாத்தியார், இவை சாமி இல்லை, சாமியின் காவலாட்கள் என்று அவருக்குப் பதில் சொன்னார். மொழி தெரியாமல், எது எது என்று தெரியாமல், உன்னைத் திருத்த வந்தேன் என்று இறங்குகிறவனின் திமிர் அது. இருபத்து நாலு வயதுத் திமிர்.

ஆனால் அவர் அங்கேயே இருந்துவிட்டார் என்பதுதான் விஷயம். இருந்ததால் திருந்தினார். வருவதற்கு முன் இந்த மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்திருந்ததாகவும், அவர்கள் நூல்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் போனதாகவும் இரண்டே வருடத்தில் எழுதினார். 1708-லேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். அதே வருடக் கடைசியில், ஒரு ஏழை விதவைக்காகப் பேசப்போய்த் தொடங்கிய தகராறில், கோட்டைத் தளபதி அவரைச் சுமார் நான்கு மாதம் சிறையில் போட்டார். போட்டது அவரோடு ஒரே மதத்தைச் சேர்ந்த ஐரோப்பியர்தான். 1713-ல் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஊருக்கு அனுப்பினார். இதை எழுதவா உன்னை அனுப்பினோம் என்ற தோரணையில் மேலிடம் அதை அச்சிடாமல் ஒதுக்கியது. அது அச்சாக 1867 ஆனது. 1719-ல் முப்பத்தாறு வயதில் தரங்கம்பாடியிலேயே இறந்தார்.

பன்னிரண்டாம் நாளே அவர் ஊருக்குத் திரும்பியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? உடைந்த மண் உருவங்களும், அதைப் பெருமையாகச் சொல்லும் ஒரு கடிதமும்தான். ஒரு மனிதனின் அறியாமை வெளியே தெரியப் பன்னிரண்டு நாள் போதும். அது கரையப் பல வருடம் வேண்டும்.

ஊருக்கு எழுதுவது பற்றி இன்னொன்று. கால்டுவெல் இருபத்து மூன்று வயதில் 1838-ல் சென்னை வந்தவர், பிறகு இடையன்குடியில் சுமார் ஐம்பது வருடம் வாழ்ந்தவர். ஒப்பிலக்கணத்துக்காக அவரைக் கொண்டாடுகிறோம். அது சரிதான். ஆனால் 1849-ல், இன்று நாடார் என்று அழைக்கப்படும் மக்களைப் பற்றி இங்கிலாந்தில் உள்ள ஆதரவாளர்கள் படிக்க ஒரு புத்தகம் எழுதினார். எழுதப்பட்ட மக்களே பின்னால் அதைப் படித்தபோது கொதித்துப்போனார்கள். அந்தக் கசப்பு பல பத்தாண்டு தீரவில்லை. நன்கொடை தருகிறவனுக்காக எழுதும்போது, எழுதப்படுகிறவன் பரிதாபமாகவோ தாழ்வாகவோ ஆகியே தீருகிறான். இன்றைய முகநூல் படங்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. கம்போடியப் பிள்ளையின் தாய் அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? உங்கள் பேரனை ஒருவன் மடியில் வைத்து, பாவப்பட்ட பிள்ளை என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பினால் சும்மா இருப்பீர்களா?

நான் உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் இங்கே திருத்திக்கொள்கிறேன். ஜி.யு. போப் கல்லறையில் தமிழ் மாணவன் என்று எழுதியிருக்கிறது என வருடாவருடம் வகுப்பில் கண்கலங்கச் சொன்னேன். ஆக்ஸ்போர்டில் இருக்கும் அந்தக் கல்லறையில் அப்படி ஒரு வாசகம் இல்லை. சொல்லியிருக்க வேண்டியது வேறு: அவர் 1839-ல் பத்தொன்பது வயதில் வந்தார், திருக்குறள் மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1886-ல். நடுவில் நாற்பத்தேழு வருடம். நாம் கல்லறைக் கதையைச் சொல்லிக் கண்கலங்கினோம், அந்த நாற்பத்தேழு வருடத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெள்ளைக்காரர் கதை போதும், நம்மவர் கதைக்கு வருகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் அயல்நாடு பார்க்காதவர்களா? என் அப்பாவைப் பெற்ற அய்யா, ஒரு செட்டியார் கடைக்குச் சமையலாளாக ரங்கூன் போனவர். மொகல் தெருவில் கிட்டங்கி வாசம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். கணக்கு மூன்று வருடம், அதுவரை ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. மீசை அரும்பாத பெட்டியடிப் பையன்கூடச் சந்தையில் பர்மியப் பாஷை பேசித்தான் பிழைக்க வேண்டும். 1942-ல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். சாகும்வரை தேங்காய் எண்ணும்போது "தித், ஹ்னித், தோன்" என்று பர்மியத்தில்தான் எண்ணுவார்.

நெடுநாள் இருந்துவிட்டால் மட்டும் தொண்டு ஆகிவிடாது என்பதற்கும் நம் ஊர்க் கதையே சாட்சி. அவர்கள் போனது சம்பாதிக்க. 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் நம் பக்கத்துக் கடைகளின் கைக்கு வந்தது. அந்த ஊர் விவசாயி எப்படி நினைத்திருப்பான் என்பதையும் நாம் பேச வேண்டும். ஆனால் யாரும் அவர்களைத் தொண்டர் என்று சொல்லவில்லை, சான்றிதழும் கொடுக்கவில்லை. வியாபாரத்துக்குப் போனவனே பாஷை படித்தான், மூன்று வருடம் இருந்தான். தொண்டுக்குப் போகிறவன் பன்னிரண்டு நாளில் திரும்புகிறான். இது எனக்கு உறைக்கிறது. உங்களுக்கு உறைக்கவில்லையா?

இப்போது அந்த ஆட்டோக்காரர் மகள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். டவர் கிடைக்க ஒரு மாமரத்தடிக்குப் போக வேண்டுமாம். போன புதிதில் அழுதாள். "சார், மூணு மாசமா எனக்கு கிளாஸே தரல. பாஷை வராம பிள்ளைககிட்ட என்ன பேசுவேன்னு ஹெட்மாஸ்டர் ஒண்ணாம் வகுப்புல பிள்ளைகளோட உக்கார வச்சுட்டாரு. சும்மா உக்காந்திருக்கேன் சார்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய தரங்கம்பாடி மணல்! "அதுதாம்மா வேலை, உக்காரு" என்றேன். அந்தத் தலைமையாசிரியரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். 2011-ல் நான் செய்யத் தவறியதை அவர் செய்தார்.

முதல் வாரத்தில் ஒரு கூத்து. பள்ளிக்கு "சா ம்பிலி" மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சுவாகிலியில் ம்பிலி என்றால் இரண்டு. மதியம் இரண்டு மணிக்குப் போய் நின்றிருக்கிறாள். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அங்கே பொழுது விடிவதில் இருந்துதான் மணி எண்ணுவார்கள். நம் கணக்கில் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று, எட்டு அவர்களுக்கு இரண்டு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனவாம். நான் சொன்னேன்: "நம்ம பாட்டன் பூட்டனும் சூரிய உதயத்துல இருந்துதாம்மா நாழிகை எண்ணுனாக. நீதான் மறந்துட்ட." அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பாதி வீட்டு ஏக்கம் போய்விட்டது.

அவளுடைய ஒரு நாள் இதுதான். விடியுமுன் எழுந்து அடிபம்பில் தண்ணீர். அந்த ஊர்ப் பிள்ளைகள் தலையில் சுமக்கும் கேனை இவளால் இன்னும் சுமக்க வரவில்லை, கையில் தூக்கி இரண்டு தடவை நடக்கிறாள். ஒரு வகுப்பில் எழுபதுக்கு மேல் பிள்ளைகள். மதியம் மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலியும் அவரைக் குழம்பும். நம்ம கேப்பைக்களி மாதிரி இருக்கிறது, ஆனால் கருவாடு இல்லை என்பாள். ஒரு தடவை மலேரியா வந்து பத்து நாள் படுத்துவிட்டாள். பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டுப் பாட்டி. இப்போது மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், சுவாகிலியில். தப்பாகப் பேசினால் பிள்ளைகள் திருத்துகின்றன. பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகாமூ" சொல்ல வேண்டும், உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று அர்த்தமாம். ஊரில் அவளை "ம்வாலிமு" என்று கூப்பிடுகிறார்கள். வாத்தியார் என்று பொருள். அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி நைரேரேயையும் மக்கள் ம்வாலிமு என்றே அழைத்தார்கள், அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். என் மாணவிக்கு அந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது. இதற்கு மேல் எனக்கு எந்த விருதும் வேண்டாம்.

அவள் அனுப்பிய படங்களில் பிள்ளைகள் யாரும் இல்லை. மாமரம், கரும்பலகை, மழை, உகாலித் தட்டு. ஏன் என்று கேட்டேன். "அவுக அம்மாக்கள் ஒத்துக்கல சார்" என்றாள். சான்றிதழும் அவளிடம் இல்லை.

இனி வரப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்.

"உள்ளூரில் ஏழைகள் இல்லையா, அங்கே எதற்குப் போக வேண்டும்?" நியாயமான கேள்வி, இருப்பதில் கனமான கேள்வியும் இதுதான். நம் பள்ளிகளிலேயே மாலையில் பாடம் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் ஒருவரையும் உள்ளூரில் ஒரு மாலைகூட அப்படி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் போவதற்கு முன் இரண்டு வருடம் தன் தெருப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தவள். கேள்வி கேட்க உரிமை வேண்டுமானால் முதலில் ஒரு மாலை வந்து உட்காருங்கள்.

"ஏதோ பன்னிரண்டு நாளாவது போனானே, குறை சொல்லலாமா?" ஊர் பார்க்கப் போவது நல்லதுதான், தாராளமாகப் போகட்டும். சுற்றுலா என்று சொல்லிவிட்டுப் போகட்டும். தொண்டு என்று பெயர் வைக்கும்போதுதான் எனக்கு வலிக்கிறது. அவன் கட்டிய பணத்தில் அந்த ஊர் ஆசிரியர் ஒருவர் சில மாதமாவது சம்பளம் வாங்கியிருப்பார். அவருக்கு அந்த மொழியும் தெரியும், பிள்ளைகளின் பெயரும் தெரியும்.

"பொம்பளைப் பிள்ளை..." இதைச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் வேலூர் சி.எம்.சி.க்கு ரயில் ஏறுகிறோமே, அதைத் தொடங்கியது யார்? ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில், பெண் மருத்துவர் இல்லாமல், செத்துப்போனதைக் கண்ட இளவயதுப் பெண். மருத்துவம் படித்துவிட்டு 1900-ல் திரும்பி வந்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவர் வீட்டில் சொந்தக்காரர்கள் காறித் துப்பித் திருப்பி அழைத்திருந்தால் நாம் இன்றைக்கு எந்த ரயில் ஏறுவோம்? அடுத்த வீட்டுப் பெண் கடல் தாண்டி நம்மிடம் வந்தால் தெய்வம், நம் வீட்டுப் பெண் கடல் தாண்டி அவர்களிடம் போனால் கேவலம். இந்தக் கணக்கு எந்த வாய்ப்பாட்டில் வருகிறது?

ஆகவே என் மாணவர்களே, உங்கள் பிள்ளைகள் அயல்நாட்டுத் தொண்டு என்று வந்து நின்றால், பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. அங்கே உன்னைக் கூப்பிட்டது யார்? அந்த ஊர்க்காரரா, டிக்கெட் விற்கிறவரா?
2. எவ்வளவு நாள் இருப்பாய்? ஒரு கல்வியாண்டாவது இருக்க முடியுமா?
3. அந்த மொழியை யாரிடம் படிக்கப்போகிறாய்?
4. நீ தப்புச் செய்தால் உன்னைத் திருத்தவும், வேண்டாம் போ என்று சொல்லவும் அந்த ஊரில் யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

நான்குக்கும் பதில் இருந்தால் நகையை அடகு வைத்தாவது அனுப்புங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு வாருங்கள், சந்தோஷமாகக் கைதட்டுகிறேன்.

ஆட்டோக்காரரிடம் அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: "திரும்பி வரச் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க, நம்ம போன்ல பேசுவோம்." வந்தார். வீடியோவில் மகளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் ஒரு பாட்டி, மலேரியாவில் பார்த்துக்கொண்டவர், எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள்: "என் பிள்ளைய நல்லா வளத்திருக்கீகன்னு சொல்றாக அப்பா." அவர் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அந்தம்மாவுக்குக் கைமுறுக்கு அனுப்ப முடியுமா சார்?" என்று கேட்டார். தபாலில் போகுமா, நொறுங்காமல் போய்ச் சேருமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டுக்குப் பலகாரம் அனுப்பிப் பழக்கப்பட்டவர்கள் தெரிவிக்கவும்.

அடுத்த வருடம் அவள் வருவாள். விமான நிலையத்துக்குப் பூங்கொத்தோடு யாரும் போக வேண்டாம். கண்டனூருக்கு வந்து அவள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, என்ன கற்றுக்கொண்டாய் என்று கேளுங்கள். என் அக்கா பேரனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் வழக்கம்போல் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
கண்டனூர்.